அகதியைக் காக்கும் பணம்: சந்தாவா, உண்டியலா?



1971 நவம்பர் 15ஆம் தேதியிலிருந்து இந்த நாட்டில் கடிதம் போட்டவர்கள், வழக்கமான தபால் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு 5 பைசாத் தலையையும் ஒட்டினார்கள். அவசரத்துக்கு முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின்மேல் ‘அகதிகள் நிவாரணம்’ என்று அச்சடித்து விற்றார்கள். டிசம்பர் மாதம் அகதிகளின் படம் போட்ட தனித் தலையே வந்துவிட்டது. ரயில் கட்டணத்தின் மீதும் உள்நாட்டு விமானக் கட்டணத்தின் மீதும் வரி ஏறியது. தபாலுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று என்று மூன்று சட்டங்களைப் பாராளுமன்றம் அந்த ஆண்டு நிறைவேற்றியது.

கரக்பூரிலிருந்தும் டாட்டா நகரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஊருக்குக் கடிதம் எழுதிய நம் பெரியவர்கள் அந்தத் தலையை ஒட்டியவர்கள்தாம். பொங்கலுக்கு ஊர் போய்வந்தவர்கள் அந்த வரியை டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டியவர்கள்தாம். கூலி வேலைக்கு வந்த தமிழன், முன்பின் பார்த்திராத வங்காள விவசாயியின் ஒரு வேளைச் சோற்றில் இப்படிப் பங்கெடுத்தான். அதற்காக அவனுக்கு யாரும் மாலை போடவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. அவன் கொடுத்தது தர்மம் அல்ல, வரி.

நான் சொல்ல வருவது இதுதான். வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்ட மக்களைக் காக்கும் செலவை உண்டியல் குலுக்கி நடத்த முடியாது. சந்தாப் பணத்தில்தான் நடத்த முடியும். அதிலும், அரிசிக்கும் மருந்துக்கும் போக மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று விடாமல், ஆளின் பாதுகாப்புக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

அன்று வந்த கூட்டம்

1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் துப்பாக்கியைத் தூக்கியது. அன்று தொடங்கிய ஓட்டம் டிசம்பர் வரை நிற்கவில்லை. இந்திய அரசின் பதிவுப்படி எல்லை தாண்டி வந்தவர்கள் ஏறத்தாழ 99 லட்சம் பேர். அவர்களில் சுமார் 68 லட்சம் பேர் முகாம்களில் தங்கினார்கள். மற்ற 31 லட்சம் பேர் உறவினர் வீடுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். மேற்கு வங்காளம் ஒன்றுக்கே சுமார் 75 லட்சம் பேர் வந்தார்கள். திரிபுராவின் சொந்த ஜனத்தொகை அப்போது 15 லட்சத்துக்குச் சற்றே அதிகம். அங்கே வந்து சேர்ந்த அகதிகள் 14 லட்சம்! வீட்டுக்காரர் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் விருந்தாளிகள்.

மழைக்காலம் வந்தது, கூடவே காலராவும் வந்தது. பங்காவுன் முகாமில் டாக்டர் திலீப் மகலாநபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளியின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடையில் வாங்கிக் கொடுக்கிறோமே உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அதன் வலிமையை உலகம் நம்பத் தொடங்கியது அகதி முகாமில்தான். அகதிக்குச் செலவிட்ட பணம் ஊராருக்கு உதவாது என்று பேசுபவர்களுக்கு அந்தப் பொட்டலமே பதில்.

இத்தனை பேருக்கும் சோறு போட்டது யார்? ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் உலகத்துக்கு வேண்டுகோள் விட்டார். ஐ.நா.வின் அகதிகள் ஆணையர் அலுவலகம் வந்த பணத்தையும் பொருளையும் ஒருங்கிணைத்தது. வந்தது செலவில் ஒரு பகுதிதான். பெரும் பாரத்தை இந்திய அரசு, அதாவது தலை ஒட்டியவனும் டிக்கெட் வாங்கியவனும், சுமந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் நகரில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். டிக்கெட் விற்ற வகையில் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல மனதோடு செய்த காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் இசைத்தட்டு விற்ற பெரும் பணம், முன்கூட்டியே முறையான ஏற்பாடு செய்யாத காரணத்தால், அமெரிக்க வருமான வரித் தகராறில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது. பணம் விடுபடுவதற்கு வெகு காலம் முன்பே, 1972 மார்ச்சுக்குள், அகதிகளில் மிகப் பெரும்பாலோர் விடுதலை பெற்ற வங்க தேசத்துக்குத் திரும்பிவிட்டார்கள். உண்டியலின் குணம் இது. மனம் பெரிதாக இருக்கலாம். வேளைக்கு வந்து சேருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சங்கத்தில் நாம் கற்ற பாடம்

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. பிழைக்க வந்த ஊரில் ஒருவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு என்ன என்று நமக்குத் தெரியும். மாதச் சந்தா வசூலாகும் சங்கத்தில், செய்தி வந்த இரவே பெட்டியிலிருந்து பணம் எடுத்து வண்டி பேசிவிடலாம். சந்தா இல்லாத இடத்தில், மறுநாள் காலை துண்டை விரித்து வீடு வீடாகப் போக வேண்டும். இறந்தவர் நாலு பேருக்கு வேண்டியவர் என்றால் துண்டு நிறையும். யாருக்கும் தெரியாத புது ஆள் என்றால்? குடித்துச் செத்தான் என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால்? துண்டு காலியாகவே திரும்பும். சாவு ஒன்றுதான், துண்டு மட்டும் ஆளைப் பார்க்கிறது.

உலக அளவிலும் இதுவே நடக்கிறது. ஐ.நா.வின் அமைதிப் படைக்கு ஒவ்வொரு நாடும் அதன் வசதிக்கேற்பக் கட்டாயச் சந்தா கட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் அகதிகள் ஆணையர் அலுவலகத்தை 1950இல் அமைத்தபோது எழுதிய விதி வேறு. நிர்வாகச் செலவை மட்டும் ஐ.நா. வரவு செலவிலிருந்து தரலாம். அகதிக்குச் செய்யும் வேலைக்கு ஆகும் பணத்தை நாடுகள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையிலிருந்து தேடிக்கொள்ள வேண்டும். 70 ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி நன்கொடைதான். துப்பாக்கி ஏந்திப் போகும் படைக்குச் சந்தா, துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு உண்டியல்! சந்தா கட்டாமல் பாக்கி வைக்கும் வல்லரசுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பாக்கி என்றால் கேட்க உரிமை உண்டு; நன்கொடைக்கு அதுவும் இல்லை.

கொடுக்கும் நன்கொடையிலும் நிபந்தனை. இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். டெலிவிஷனில் காட்டும் நாட்டுக்குப் பணம் போகிறது. காட்டாத நாடு காய்கிறது. அவசரத்துக்கு உடனே எடுக்க ஐ.நா. 2005இல் ஒரு மைய நிதியை ஏற்படுத்தியது. 2016இல் அதற்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்று இலக்கு வைத்தார்கள். இன்றுவரை அந்த இலக்கு நிறைவேறவில்லை. அதுவும் நன்கொடைப் பெட்டிதானே!

2024 கடைசியில் போராலும் கொடுமையாலும் வீட்டை விட்டு விரட்டப்பட்டிருந்தவர்கள் உலகில் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று அகதிகள் ஆணையர் அலுவலகம் கணக்குச் சொன்னது. அவர்களில் 7 கோடியே 35 லட்சம் பேர் எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைபவர்கள். அடுத்த ஆண்டே, 2025இல், அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை இழுத்து மூடியது. வேறு பல பணக்கார நாடுகளும் கையைச் சுருக்கின. அகதிகள் ஆணையர் அலுவலகம் சுமார் 3,500 பணியிடங்களை ஒழித்தது. அகதிகள் குறைந்ததால் ஆள் குறைக்கவில்லை. கொடுப்பவர் மனம் மாறியதால் குறைத்தார்கள்.

பாதுகாப்பு என்றால் என்ன?

பணம் சுருங்கும்போது முதலில் வெட்டு விழுவது எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். அரிசி மூட்டையைப் போட்டோ எடுக்கலாம். கூடாரத்தின் மீது கொடுத்த நாட்டின் கொடியை அச்சடிக்கலாம். பாதுகாப்பு வேலையைப் போட்டோ எடுக்க முடியாது.

பாதுகாப்பு என்றால் போலீஸ் காவல் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வந்தவரின் பெயரைப் பதிந்து அட்டை கொடுப்பது பாதுகாப்பு. முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது பாதுகாப்பு. செய்யாவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டிலும் இல்லாத குழந்தை. வழியில் பிரிந்த தாயையும் பிள்ளையையும் தேடிச் சேர்ப்பது, பெண்கள் குளிக்கும் இடத்துக்குத் தாழ்ப்பாளும் கழிப்பறைக்குப் போகும் பாதைக்கு விளக்கும் போடுவது, வேலை வாங்கித் தருகிறேன் என்று பெண்ணை அழைத்துப் போக வரும் தரகனை அடையாளம் கண்டு விரட்டுவது, போலீஸ் பிடித்தால் வக்கீல் வைப்பது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பாமல் தடுப்பது, எல்லாம் பாதுகாப்புதான்.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஆகும் செலவு பெரும்பாலும் சம்பளம். குமாஸ்தாவுக்கு, நர்சுக்கு, மொழிபெயர்ப்பவருக்கு, வக்கீலுக்குச் சம்பளம். ‘நிவாரணப் பணத்தில் சம்பளமா?’ என்று கேட்டு நன்கொடையாளர் முகம் சுளிக்கிறார். நானும் ஒரு குமாஸ்தாதான். பெயரைச் சரியாக எழுதாத குமாஸ்தாவால் ஒரு குடும்பம் எவ்வளவு அலையும் என்பது கௌண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அகதி முகாமில் அந்தப் பெயர்தான் உயிர். பெயர் ஏட்டில் இருந்தால் ரேஷன், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஏட்டில் இல்லாதவன் கூட்டத்தில் கரைந்து போகிறான்.

ரேஷன் குறைந்தால் என்ன ஆகும்?

வங்க தேசத்துக் காக்ஸ் பஜாரைப் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு பர்மாவிலிருந்து 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் ஓடிவந்தார்கள். முன்பே வந்தவர்களோடு சேர்ந்து 10 லட்சத்தைத் தாண்டியது. 1971இல் தன் மக்களுக்கு அடைக்கலம் கேட்ட மண் இப்போது அடைக்கலம் கொடுத்தது. அவர்களுக்கு உலக உணவுத் திட்டம் ஆள் ஒன்றுக்கு மாதம் 12 டாலர் கணக்கில் உணவு கொடுத்துவந்தது. நன்கொடை குறைந்தது என்று 2023 மார்ச்சில் அதை 10 ஆக்கினார்கள்; ஜூனில் 8 ஆக்கினார்கள். ஒரு நாளைக்குக் கால் டாலருக்குச் சற்று அதிகம். 2024இல் மறுபடி ஏற்றினார்கள். 2025 மார்ச்சில் 6 ஆகப் போகிறது என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் பணம் கிடைத்ததால் அந்த வெட்டு நின்றது. ஒரு தாய் அடுத்த மாதம் உலை வைப்பாளா என்பது யாரோ ஒரு தலைநகரில் யாரோ போடும் கையெழுத்தில் தொங்குகிறது.

தொழிலாளியாகிய நாம் இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரேஷன் குறைந்த முகாமிலிருந்து ஆள் வெளியே வருவான். அவனிடம் காகிதம் இருக்காது. வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. கான்ட்ராக்டர் சொன்ன கூலிக்கு அவன் வந்துதான் ஆக வேண்டும். கூலி கொடுக்காமல் விரட்டினால் போலீசுக்குப் போக முடியாது. அதே சைட்டில் செங்கல் தூக்கும் உள்ளூர்க்காரனின் கூலியும் மறுவாரம் இறங்கும். உடனே, ‘அகதியால்தான் நம் பிழைப்புக் கெட்டது’ என்ற கூச்சல் எழும். கெடுத்தவன் அகதியா, பட்டினியைக் காட்டிப் பேரம் பேசியவனா? வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மைப் பார்த்தும் இதே கூச்சல் எழுந்த காலங்கள் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். அகதிக்கு வயிற்றுக்குச் சோறும் கையில் அட்டையும் இருந்தால் அவனால் அரைக்கூலியை மறுக்க முடியும். அவனுடைய பாதுகாப்பு நம் கூலிக்கும் பாதுகாப்பு.

நாமே நடுத்தெருவில் நின்றபோது

இதெல்லாம் வேறு யாருக்கோ என்று எண்ணுபவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் 25 முதல் நாடு அடைக்கப்பட்டது. ரயில் நின்றது, வேலை நின்றது, கூலி நின்றது. லட்சக்கணக்கான குடும்பங்கள் மூட்டையோடு நடந்தன. மே 8ஆம் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்து உறங்கிய 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது.

பணம் இல்லாததாலா இவ்வளவும்? கட்டடத் தொழிலாளர் நலனுக்கென்று 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடச் செலவில் 1 சதவீதம் வசூலித்து வைத்த நிதி இருந்தது. சுமார் 52,000 கோடி ரூபாய் கையிருப்பு உண்டு, பதிவான தொழிலாளிகளுக்குக் கொடுங்கள் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே 2020 மார்ச் 24 அன்று மாநிலங்களுக்கு எழுதியது. பதிவானவர்கள் சுமார் மூன்றரைக் கோடி பேர். பதிவாகாதவன்? ஓர் ஊரில் பதிந்து இன்னோர் ஊரில் வேலை பார்த்தவன்? அவனுக்குப் பெட்டி நிறையப் பணமிருந்தும் பயனில்லை. பணம் சேர்த்தவர்கள், பெயர் எழுதும் வேலைக்கு, அதாவது பாதுகாப்புக்கு, போதிய செலவு செய்யவில்லை.

மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடின. 60 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஊர் சேர்த்தன. ஆனால் டிக்கெட் பணத்தை யார் தருவது என்று மத்திய அரசு, மாநில அரசு, கட்சிகள் எல்லாம் வாதாடிக்கொண்டிருந்தன. தொழிலாளியிடம் டிக்கெட் பணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது மே 28 அன்று. நாலு வாரம்! யார் தருவது என்பதை அமைதிக் காலத்திலேயே எழுதி வைக்காவிட்டால், அவதிக் காலத்தில் அவதிப்படுபவன் தலையிலேயே பில் விழும்.

எழும் கேள்விகள்

‘நமக்கே வழியில்லை, ஊராருக்கு எப்படி?’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1971 வரியிலும் குறை உண்டு. மில் முதலாளியின் கடிதத்துக்கும் 5 பைசா, மில் தொழிலாளியின் கடிதத்துக்கும் 5 பைசா என்பது சமநீதி ஆகாது. பெரும்பாலான அகதிகள் 1972 மார்ச்சுக்குள் திரும்பிய பிறகும் அந்தத் தபால் வரி 1973 மார்ச் 31 வரை நீடித்தது. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று தலை ஒட்டியவன் வீட்டுக்கு யாரும் ரசீது அனுப்பவில்லை. கௌண்ட்டரில் 10 ரூபாய் குறைந்தாலும் என் கையிலிருந்து கட்டாமல் நான் எழுந்து போக முடியாது. கோடிக்கும் அந்த விதி வேண்டும். ஆகவே வரி என்றால் சுமக்கக்கூடியவன் தோளில் கூடுதலாக ஏற்றுங்கள், கணக்கைக் காட்டுங்கள், தேவை தீர்ந்ததும் நிறுத்துங்கள் அல்லது அடுத்த அவசரத்துக்கென்று தனியே பூட்டி வையுங்கள் என்று கேட்போம். வரியே வேண்டாம் என்று சொல்வது உண்டியலுக்குத் திரும்பிப் போவதாகும்.

பணம் மட்டும் போதுமா என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1983 முதல் வந்த ஈழத் தமிழர்களுக்கு உதவித்தொகையும் மலிவு அரிசியும் அரசின் வரவு செலவிலிருந்தே போகின்றன. அதனால்தான் 40 ஆண்டுக்கு மேலாகியும் அது நின்றுபோகவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம் குடும்பங்களுக்கு வீடு உள்ளிட்ட வகைகளில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றவர்கள் இன்னும் எந்த நாட்டின் பிரஜை என்ற கேள்வியோடு வாழ்கிறார்கள். அரிசிக்குக் கணக்குத் தலைப்பு உண்டு. உரிமைக்குக் கணக்குத் தலைப்பு இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் செய்யவில்லை. 1971இல் ஒரு கோடிப் பேரைத் தாங்கிய நாடு இது. அந்தப் பெருந்தன்மையைச் சட்டமாக எழுதி வைக்க ஏன் தயங்க வேண்டும்?

நம் கோரிக்கைகள்

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க நான் முன்மொழிவது இவை.

ஒன்று: அமைதிப் படைக்கு உள்ளது போல, அகதிகளைக் காக்கும் பணிக்கும் நாடுகள் வசதிக்கேற்பக் கட்டாயச் சந்தா கட்டும் முறை வேண்டும் என்று ஐ.நா.வில் இந்தியா கேட்க வேண்டும். 1971இல் பெரும் பாரத்தைத் தானே சுமந்த நாட்டுக்கு அப்படிக் கேட்கும் தகுதி உண்டு.

இரண்டு: போரானாலும் புயலானாலும் ஊரடங்கானாலும், இடம்பெயர்ந்தவருக்கு முதல் நாளே எடுத்துச் செலவிட நிலையான நிதி மத்தியில் இருக்க வேண்டும். பயணச் செலவு அதில் அடங்க வேண்டும். எந்த மாநிலத்தில் நின்றாலும் அந்த மாநிலத்திலேயே கிடைக்க வேண்டும்.

மூன்று: அந்த நிதியில் ஒரு நிச்சயமான பங்கு, பதிவு, அட்டை, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, சட்ட உதவி ஆகியவற்றுக்கென்று தனிக் கணக்காக ஒதுக்கப்பட வேண்டும். அரிசிச் செலவு கூடியது என்று அதில் கை வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் கணக்கை எல்லா மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

நான்கு: நாம் செய்ய வேண்டியது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள குடும்பங்களின் பட்டியலை, சொந்த ஊர் விலாசத்தோடும் வேலை செய்யும் இடத்தோடும், எழுதி வைக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவரையும் எழுதுங்கள். தமிழர் அல்லாதவர் பக்கத்துக் குடிசையில் இருந்தால் அவரையும் எழுதுங்கள். தொழிலாளர் பதிவு அட்டை இல்லாதவருக்கு வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை ரயில் நிற்கும்போது, முதலில் தேவைப்படுவது அந்த ஏடுதான்.

இந்த வேலைக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமும் போதும். கிளைச் செயலாளர்கள் வருகிற ஞாயிறே தொடங்கிவிடுங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பாக்கியைக் கட்டிவிடுங்கள்.